அவே மேட்ச்சுக்கு அணியோடு முதல் பயணம்: பெட்டி கட்டுவதிலிருந்து திரும்பி வந்து துவைப்பது வரை

ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியில் கிட் மேன் (ஜெர்சி, பூட்ஸ் முதலான அணிச் சாமான்களைப் பார்த்துக்கொள்பவர்), பிசியோவுக்கு உதவி, வீடியோ எடுப்பவர் என்று ஏதோ ஒரு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அடுத்த வாரம் வெளியூரில் ஆட்டம், பயணப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறது. வாழ்த்துகள். இனி ஆட்டம் முடியும்வரை உட்கார நேரம் கிடைக்காது.

நம் நாட்டில் அவே மேட்ச் என்பது இங்கிலாந்தில் போல மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்விட்டு இரவே வீடு திரும்பும் சமாசாரம் இல்லை. 2018-19 ஐ-லீக் என்ற இந்தியக் கால்பந்துத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அந்த ஆண்டு சாம்பியன். 11 அணிகள், ஆளுக்கு 20 ஆட்டம், அதில் 10 வெளியூரில். ஸ்ரீநகர், ஐஸ்வால், ஷில்லாங், இம்பால், கொல்கத்தா, கோவா என்று நாட்டின் நாலு மூலைக்கும் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம்: 43க்கு 42. அந்த ஒரு புள்ளி எந்த ஊரில் கிடைத்தது, எந்த ஊரில் தொலைந்திருக்கும் என்று கணக்குப் போட முடியாது. நான் கிட் வேலை பார்த்த சீசன்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இவ்வளவுதான்: தொலைந்தால் கோச் கணக்கில் தொலையட்டும், என் பெட்டியால் தொலையக் கூடாது.

ஆட்டக்காரன் ஆட்டத்தைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல் ஊர் போய்ச் சேர வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதற்கான வழிதான்.

## பத்து நாளுக்கு முன்: காகிதம்

ஐஸ்வாலுக்கோ இம்பாலுக்கோ போவதென்றால் இந்தியக் குடிமக்களுக்கே உள் நுழைவு அனுமதி வேண்டும். ஐ.எல்.பி. என்று கேட்டால்தான் எல்லோருக்கும் புரியும். மிசோரமுக்கு அது வெகுகாலமாக உண்டு; மணிப்பூருக்கு 2020 ஜனவரி முதல். போட்டோ, அடையாள அட்டை நகல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அந்த மாநிலங்களில் தனி விதிகள், அதுவும் அவ்வப்போது மாறும். போன சீசன் நினைவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக விசாரியுங்கள்.

டிக்கெட்டில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். சுலபம்போலத் தெரியும். ஆனால் அணியில் எல்லோரும் 'ஜோஜோ' என்று கூப்பிடும் பையனின் ஆதாரில் நாலு சொல் நீளத்துக்கு மிசோ பெயர் இருக்கும். தமிழ்ப் பையனுக்கு இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பிரேசில்காரருக்கு ஜெர்சியில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஐந்து பெயர். பெயர்ப் பட்டியலை நீங்களே தட்டச்சு செய்யாதீர்கள். அட்டையைப் பார்த்து இன்னொருவர் வாசிக்க நீங்கள் சரிபாருங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர்கள் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்குப் படிவத்தில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்களை மேனேஜரின் பையிலும் உங்கள் பையிலும் ஒவ்வொரு கட்டு வையுங்கள். இரவு 11 மணிக்கு ரிசப்ஷனில் வெளிநாட்டுத் தடுப்பாட்டக்காரரை நிற்கவைத்து நகல் எடுக்கும் காட்சி எனக்குப் பிடிக்காத காட்சிகளில் ஒன்று.

வழியையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தில் விமானம் இறங்கும் இடத்தோடு பயணம் முடிவதில்லை. ஜாம்ஷெட்பூர் போக வழக்கமாக ராஞ்சியில் இறங்கி சுமார் 130 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். ஷில்லாங்குக்கு குவஹாட்டியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் மலை ஏற்றம். லெங்புய் விமான நிலையத்திலிருந்து ஐஸ்வால் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதிப் பேருக்குக் குமட்டும். பாலித்தீன் பையும் எலுமிச்சையும் பஸ்ஸின் முன்சீட்டில் இருக்கட்டும்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லி வழியாகப் போகும் எந்தத் திட்டத்திலும் பனிமூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை போய் இறங்குகிற டிக்கெட்டை மலிவு என்று யாராவது காட்டினால் மறுத்துவிடுங்கள். திரும்பும் பயணத்திலும் ஒரு நாள் மூச்சுவிட இடம் வேண்டும். 1958 பிப்ரவரி 5 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் பெல்கிரேடில் ஆடிவிட்டு, சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தனி விமானம் பிடித்திருந்தது. மறுநாள் எரிபொருள் நிரப்ப ம்யூனிக்கில் இறங்கி, ஓடுபாதையில் சேறாகிக் கிடந்த பனியில் மூன்றாம் முறை மேலெழும்ப முயன்றபோது விபத்து. 23 பேர் இறந்தார்கள், அதில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். நம்முடையது சாதாரணப் பயணிகள் விமானம், ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் 'எப்படியாவது இன்றே போய்விட வேண்டும்' என்ற நிலையில் அணியைக் கொண்டுபோய் நிறுத்தும் அட்டவணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

## எடைக் கணக்கு

இதில்தான் புதியவர்கள் மாட்டுவார்கள். உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு ஆளுக்கு 15 கிலோ செக்-இன், 7 கிலோ கைப்பை. ஆட்டக்காரர்களும் ஊழியர்களுமாக 34 பேர் என்றால் மொத்தம் 510 கிலோ. ஆளுக்கு 15 கிலோவையும் கொடுத்துவிட்டால் அணியின் சாமான் எதில் போகும்? அதனால் சொந்தப் பைக்கு 8 கிலோ என்று கறாராக வையுங்கள். 272 கிலோ அதில் போக, 238 கிலோ பொதுச் சுமைக்கு மிஞ்சும். குழு டிக்கெட் எடுக்கும்போதே மொத்த எடையாகப் பார்க்க முடியுமா என்று விமான நிறுவனத்திடம் எழுதி வாங்கிவிடுங்கள். கவுன்டரில் வாய்ப்பேச்சு எடுபடாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் சுமை தூக்குபவர்கள் ஏற்க மாட்டார்கள், எனவே 25ஐத் தாண்டாமல் கட்டுங்கள்.

238 கிலோவில் என்னென்ன? ஆட்டத்துக்கான ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ் 20 பேருக்கு இரண்டு செட். கொச்சி, சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இடைவேளைக்குள் முதல் செட் பிழிந்தால் சொட்டும். கீப்பருக்கு இரண்டு நிறம். எண் போடாத ஜெர்சி இரண்டு: ரத்தம் பட்ட உடுப்போடு ஆட விடமாட்டார்கள், யாருடையது நனையும் என்று முன்கூட்டித் தெரியாது. பயிற்சி உடை, பயிற்சியில் இரு தரப்பைப் பிரித்துக் காட்ட மேலே மாட்டும் பிப்ஸ், கோன்கள். பந்து ஒன்று 410 முதல் 450 கிராம், ஒரு டஜன் கொண்டுபோனாலும் ஐந்தரை கிலோவுக்குள்தான், ஆனால் இடத்தை அடைக்கும். காற்றை இறக்கி மடக்குங்கள். பம்பையும் ஊசியையும் மறந்துவிட்டுப் போய், போட்டி அணியிடம் கேட்டு வாங்கிய அவமானம் எனக்கு உண்டு. அவர்கள் சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார்கள். பிசியோவின் மசாஜ் மேசை, மருந்துப் பெட்டி, ஐஸ் பெட்டி, பவுடர் டப்பாக்கள் இவையெல்லாம் மீதியை விழுங்கிவிடும்.

பவர் பேங்க், ஆட்டக்காரர்களின் ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். கருவிகளின் உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். பிசியோவின் கத்தரிக்கோல் செக்-இன்னில். வலி மரக்கவைக்கும் ஸ்பிரே டப்பாக்களில் எரிவாயு கலந்தவை எதிலுமே போகாது. போகும் ஊரில் வாங்க ஆள் பார்த்து வையுங்கள்.

பூட்ஸ் விஷயத்தில் ஆட்டக்காரரை நம்பாதீர்கள். ஐஸ்வாலின் ராஜீவ் காந்தி மைதானமும் ஸ்ரீநகரின் டி.ஆர்.சி. மைதானமும் செயற்கைப் புல்தரைகள். பூட்ஸின் அடியில் இருக்கும் முளைதான் ஸ்டட்; நீளமான இரும்பு ஸ்டட் அங்கே ஆகாது, முழங்காலுக்குக் கேடு. பனியில் நனைந்த இயற்கைத் தரைக்குக் குட்டை ஸ்டட் போதாது. ஆளுக்கு இரண்டு ஜோடி, அணியின் பெட்டியில், என் கண் முன்னால். 'என் பையில இருக்குண்ணா' என்று சொன்ன பையனின் பையில் இரண்டு இடது கால் பூட்ஸ் இருந்த கதை எங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. வடகிழக்குப் பையன்கள் வீட்டுச் சாப்பாட்டுக்காக ஙாரி கொண்டுவருவார்கள். மணிப்பூரின் புளித்த மீன், நம் ஊர்க் கருவாட்டுக்கு அண்ணன். தடுக்காதீர்கள், நாலு நாள் ஹோட்டல் சோற்றில் அதுதான் அவர்களுக்கு உயிர். அந்தப் பொட்டலம் ஜெர்சிப் பெட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒருமுறை போனது. அன்று எங்கள் தடுப்பு வரிசையைப் போட்டி அணியின் ஸ்ட்ரைக்கர் நெருங்கவில்லை என்று கோச் சொன்னது கேலிதான் என்று நம்புகிறேன்.

## நிறச் சண்டை

ஆட்டத்துக்கு முந்தைய நாள் மேட்ச் கமிஷனர், நடுவர்கள், இரண்டு அணி மேனேஜர்கள் எல்லோரும் உட்காரும் ஒரு கூட்டம் நடக்கும். அங்கே இரு அணியின் ஜெர்சி, ஷார்ட்ஸ், சாக்ஸ், கீப்பர் உடை எல்லாவற்றையும் மேசைமேல் விரித்து வைப்பார்கள். மேனேஜர் போகும் கூட்டம்தான், என்றாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நீங்களும் போவீர்கள்.

ஜெர்சி நிறம் மோதாது, அதை லீக் முன்பே எழுத்தில் சொல்லியிருக்கும். மோதுவது சாக்ஸ்தான். ஒருமுறை எங்கள் மாற்று உடையின் சாக்ஸ் வெள்ளை, அவர்களுடையதும் வெள்ளை. கமிஷனர் தலையை ஆட்டிவிட்டார். மாலை ஆறு மணி, எனக்குத் தெரியாத ஊர், தெரியாத மொழி. ஆட்டோக்காரர் ஒருவரோடு மூன்று கடை ஏறி இறங்கி, 14 ஜோடி நீலம் ஒரு கடையில், ஆறு ஜோடி இன்னொரு கடையில், இரண்டும் ஒரே நீலம் இல்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்தன, ஆட்டமும் இரவு விளக்கில்தான் என்பதால் தப்பித்தேன். அன்றிலிருந்து எந்தப் பயணத்திலும் மூன்று நிறச் சாக்ஸ்.

விதிப் புத்தகத்தின் நான்காம் விதியை ஒருமுறையாவது முழுக்கப் படியுங்கள். சாக்ஸுக்கு மேல் சுற்றும் டேப் சாக்ஸின் நிறத்திலேயே இருக்க வேண்டும். உள்பனியன் கை ஜெர்சிக் கையின் நிறத்தில், ஷார்ட்ஸுக்குள் போடும் இறுக்க உடை ஷார்ட்ஸின் நிறத்தில். நகை எதுவும் கூடாது, டேப் போட்டு மறைத்தாலும் கூடாது.

இந்தக் கடைசி விதி நம் ஊரில் சங்கடமானது. கையில் கோயில் கயிறு, கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கார்த்திகை மாதம் மாலை போட்ட பையன். மைதானத்துக்குள் நுழையும் டனலில் வரிசையாக நிற்கும்போது நடுவர் கழற்றச் சொல்ல, அங்கே கத்தரிக்கோலோடு நீங்கள் போய் நிற்கக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'தம்பி, அம்மாகிட்ட கேட்டு நல்ல நாள் பார்த்து எடுத்துடு, மேட்ச் முடிஞ்சு போட்டுக்கலாம்' என்றால் யாரும் முறைத்துக்கொள்வதில்லை.

## கிளம்பும் நாளும் ஹோட்டலும்

விமான நிலையத்துக்கு அணி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சாமான் வண்டியோடு நீங்கள் இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு எண் எழுதுங்கள், போகும்போதும் வரும்போதும் சத்தமாக எண்ணுங்கள். பஸ்ஸில் முதல் சீட் கோச்சுடையது. கடைசி வரிசை சீனியர்களுடையது, எங்கும் எழுதியிருக்காது, ஆனால் தப்பாக உட்கார்ந்தால் தெரிந்துவிடும். எல்லோரும் உட்கார்ந்த பிறகு மிச்சம் இருப்பது உங்கள் சீட்.

ஹோட்டல் சாப்பாட்டு மெனுவை மேனேஜர் ஒரு வாரம் முன்பே அனுப்பியிருப்பார். இருந்தும் முதல் இரவு சமையலறைக்குப் போய்ப் பாருங்கள். வெளியூர் அணி வந்திருக்கிறது என்று மரியாதைக்காக எண்ணெயும் மசாலாவும் கொட்டுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் உடல் எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து, ஆட்டத்துக்கு மூன்று நாலு மணி நேரம் முன்பான சாப்பாட்டில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் என்பது கால்பந்து ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. 70 கிலோ பையனுக்கு முந்தைய நாள் அரைக்கிலோ மாவுச்சத்து என்று வையுங்கள். வெறும் பாஸ்தாவைக் கொட்டினால் நம் பையன்கள் இரண்டு கரண்டியோடு எழுந்துவிடுவார்கள். சோறு, காரம் குறைந்த ரசம், தயிர், வாழைப்பழம் இருந்தால் அளவு தானாக உள்ளே போகும். பாஸ்தா வெளிநாட்டவருக்கு இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் மட்டும் யாருக்கும் உதவி செய்யாதீர்கள். 'அண்ணா, சளி, ஒரு மாத்திரை வாங்கிக் கொடுங்க' என்று ஆட்டக்காரன் கேட்பான். முடியாது என்று சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் சூடோஎஃபட்ரின் இருக்கிறது, ஆட்டக் காலத்தில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் தடை. டிரமடால் கலந்த வலி மாத்திரை நம் மருந்துக்கடைகளில் சாதாரணம், 2024 ஜனவரி 1 முதல் ஆட்டக் காலத்தில் அதுவும் தடை. அந்த ஆட்டக் காலம் என்பது பொதுவாக முந்தைய நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடுகிறது. நீங்கள் பாசத்தோடு வாங்கிக் கொடுத்த பத்து ரூபாய் மாத்திரை ஒருவனின் பிழைப்பைக் கெடுத்துவிடும்.

போனில் பேசும்போதும் கவனம். யாருக்குக் கணுக்கால் வலி, யார் ஆடப்போவதில்லை என்பது உங்கள் மச்சானுக்கு வெறும் செய்தி, அவருடைய நண்பருக்கு அது சூதாட்டப் பணம். உள்விவரம் கசியவிடுவது விளையாட்டு நேர்மை விதிகளில் குற்றம், கிட் மேனுக்கும் அது பொருந்தும். டிரெஸ்ஸிங் ரூம் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம், பின்னால் பலகையில் கார்னர் கிக் திட்டம் வரைந்திருக்கும்.

## ஆட்ட நாள்

ஆட்டம் இரவு 7.30 என்றால் நீங்கள் மூன்று மணிக்கே மைதானத்தில் இருக்க வேண்டும். அணி வருவதற்குள் அறை தயாராக இருக்க வேண்டும், உங்கள் வேலையின் பெரும்பகுதி இதுதான்.

விருந்தினர் அறை எப்படியிருக்கும் என்று எந்த நம்பிக்கையும் வைக்காதீர்கள். நல்ல அறைகளும் உண்டு. எட்டுக் கொக்கி, ஒரு பிளக், சொட்டும் குழாய் என்று இருப்பதும் உண்டு. நைலான் கயிறு, கொக்கிகள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், துடைப்பம், டாய்லெட் பேப்பர், கொசுவத்தி, ஊதுவத்தி என்று ஒரு தனிப் பை எப்போதும் என்னோடு வரும். அதைக் கல்யாண சீர்வரிசை என்று கிண்டல் செய்வார்கள். ஒருமுறை மின்சாரம் போனபோது அதிலிருந்த டார்ச்சில்தான் கோச் பேசினார்.

முதலில் கூட்டித் துடையுங்கள். பிறகு ஜெர்சிகளை, எண் வெளியே தெரியும்படி மாட்டுங்கள். எண் வரிசையில் மாட்டுவது பாடப்புத்தக வழி. நான் சொந்த மைதானத்தில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்களோ அந்த வரிசையிலேயே இங்கும் மாட்டுவேன். பையன் உள்ளே வந்ததும் தன் இடத்தைத் தேட வேண்டியதில்லை, கால் தானாகப் போய் நிற்கும். இடது பக்கம் கீப்பர், அவருக்கு அடுத்து எப்போதும் பேசிக்கொண்டேயிருக்கும் ஸ்டாப்பர், மூலையில் யாரோடும் பேசாத விங்கர். ஷார்ட்ஸ் மடித்து, மேலே சாக்ஸ், கீழே பூட்ஸ், பக்கத்தில் துண்டு இரண்டு.

அணி ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பு வரும். வந்ததும் எல்லோரும் தரையைப் பார்க்கப் போவார்கள், எந்த ஸ்டட் என்று அப்போதுதான் முடிவாகும். ஐந்து நிமிடத்தில் நாலு பேர் ஓடிவருவார்கள், 'அண்ணா மாத்தணும்', 'சேட்டா, அந்த ஜோடி', 'தாதா, ஜல்தி'. ஸ்டட் முடுக்கும் சாவி உங்கள் கழுத்திலேயே தொங்கட்டும்.

ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் உங்களுக்கு வேடிக்கை பார்க்கும் உரிமை பாதிதான். மாற்று ஆட்டக்காரன் எழுந்தால் அவன் ஜெர்சி, ஷின் கார்டு சரிதானா என்று கண் போக வேண்டும். இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டாது. கோச் பேசத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் ஈர ஜெர்சி கழன்று உலர்ந்தது மேலேற வேண்டும். பேசத் தொடங்கிய பிறகு நகராதீர்கள். பாட்டில் உருண்டால் உருளட்டும்.

கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டமான மஞ்சப்படையின் கூச்சலுக்கு நடுவே பக்கத்தில் இருப்பவர் சொல்வதே கேட்காது. பிசியோவோடு கைச் சைகைகளை முன்பே பேசி வையுங்கள்: தண்ணீர், ஐஸ், டேப், ஸ்ட்ரெச்சர். எதிரணி ரசிகர்கள் உங்களையும் திட்டுவார்கள். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

## ஆட்டம் முடிந்ததும்

ஊக்கமருந்து சோதனைக்கு யாருடைய பெயராவது வந்தால் அவர் குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுக்கும்வரை வெளியே வர முடியாது. 90 நிமிடம் ஓடி உடல் வற்றியவனுக்கு அது ஒரு மணி நேரம் ஆகும், இரண்டும் ஆகும். மூடி உடைக்காத பாட்டில்களையே கொடுங்கள். மொத்த அணியும் பஸ்ஸில் காத்திருந்தால் சோதனை அறைக்குள் இருப்பவனுக்குப் பதற்றத்தில் இன்னும் வராது. ஒரு தனி காரையும் ஒரு ஊழியரையும் விட்டுவிட்டு பஸ்ஸை அனுப்பிவிடுவது நல்லது.

மற்றவர்களுக்கு முதல் அரை மணி நேரத்துக்குள் ஏதாவது உள்ளே போக வேண்டும். பால், வாழைப்பழம், சாண்ட்விச். ஹோட்டல் சாப்பாட்டுக்கு இரவு 11 ஆகிவிடும்.

நீங்கள் எண்ணுங்கள். ஜெர்சி 40, ஷார்ட்ஸ் 40, பிப்ஸ், பந்துகள். ஆட்டக்காரர்கள் எதிரணிக்காரனோடு ஜெர்சி மாற்றிக்கொள்வார்கள், யாரென்று குறித்துக்கொள்ளுங்கள், நாளை கிளப் அலுவலகத்தில் கணக்குக் கேட்பது உங்களைத்தான். ஈர உடைகளை மூடிய பெட்டியில் போட்டால் காலைக்குள் நாற்றம் ஏறிவிடும். வலைப்பையில் போட்டு, ஹோட்டல் லாண்டரியில் பிழிந்து மட்டுமாவது வாங்குங்கள், அவர்கள் மூடியிருந்தால் உங்கள் குளியலறைதான். ஈரம் எடையும்கூட. வரும்போது 510 கிலோவுக்குள் இருந்தது போகும்போது தாண்டியிருக்கும், கூடுதல் கட்டணத்துக்கு மேனேஜரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

பஸ்ஸில் தோல்வி என்றால் பேச்சு இருக்காது. கேப்டன் பேசும்வரை அல்லது யாராவது பாட்டுப் போடும்வரை நீங்களும் போனைத் தொடாதீர்கள். ஜெயித்தால் தூங்கவிட மாட்டார்கள். இரண்டிலும் ஆட்டக்காரர்களுக்கு விடிகாலைவரை தூக்கம் வராது, லாபியில் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு டீ சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

ஊர் வந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போவார்கள். நீங்கள் கிளப் ஸ்டோருக்கு. பெட்டிகளைத் திறந்து, பூட்ஸை நிழலில் பரப்பி, மெஷினில் முதல் சுற்றைப் போட்டுவிட்டு, இந்தப் பயணத்தில் எது பற்றாமல் போனது, எதை வீணாகச் சுமந்தோம் என்று சாமான் பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுங்கள். என்னுடைய பழைய பட்டியல் ஒன்றின் பின்னால் 'நீல சாக்ஸ், 20, ஒரே கடை' என்று மட்டும் இருக்கிறது.